ஜெனரல் வோல்க் ஐரோப்பா போன வருஷம்

மே 12, 1958 – திங்கள்

இன்று நம் ஊர் பேஸ்பால் அணி பைலட்ஸ் டேவன்போர்ட்டில் ஆடினார்கள். நான் பியோரியாவில், வானொலி நிலையத்து இரண்டாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு அந்த ஆட்டத்தை நேரில் பார்ப்பவன்போல வர்ணித்தேன். வெளியூர் ஆட்டம் என்றால் எப்போதும் இப்படித்தான். தந்தியில் வருவது ‘முதல் பந்து வெளியே, இரண்டாவது ஃபவுல்’ என்ற அளவுக்குத்தான். வானம், காற்று, மூன்றாம் வரிசையில் ஐஸ்கிரீம் தின்னும் சிவப்புத் தொப்பிக்காரி எல்லாம் என் உபயம். மட்டையில் பந்து படும் சத்தத்துக்கு மரக்கட்டையில் பென்சிலால் ஒரு தட்டு. கூட்டத்து இரைச்சலுக்கு ஒரு இசைத்தட்டு. பேஸ்பால் கேட்கிறவர்களுக்கும் இது தெரியும். தெரிந்தும் கேட்கிறார்கள்.

ஆறாவது இன்னிங்ஸில் தந்தி செத்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் டில்மன் கையை விரித்தான். ஒன்பது நிமிஷம்! கோட்டுக்கு வெளியே போகும் ஃபவுலுக்குக் கணக்கில்லை என்பதால் மட்டைக்காரனைப் பதினாலு ஃபவுல் அடிக்கவைத்தேன். மைதானத்துக்குள் ஒரு நாயை ஓடவிட்டேன். தந்திக்கு உயிர் வந்தபோதுதான் தெரிந்தது, அந்த மனுஷன் முதல் பந்திலேயே அவுட் ஆகிப் போய்விட்டான் என்று.

வீட்டுக்கு வந்ததும் இர்மா கேட்டாள். “அந்த நாயப் புடிச்சாங்களா?”

“புடிச்சாச்சு.”

“என்ன நெறம்?”

“பழுப்பு. ஒரு காது மட்டும் வெள்ளை.”

“காது வரைக்கும் யோசிச்சு வச்சிருக்கியே, பாவி!”

இருபத்தோரு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறாள். அவளிடம் மட்டும் என் சரக்கு விலை போவதில்லை.

செயின்ட் லூயிஸிலிருந்து பிரென்டிஸ் கடிதம் போட்டிருக்கிறார். தேசத்தின் முதல்தர அணிகள் ஆடும் பெரிய லீக் ஆட்டங்களுக்கு அடுத்த வருஷம் ஒரு குரல் வேண்டுமாம். ஜூலையில் நேரில் வந்து கேட்கிறாராம். எனக்கு நாற்பத்தேழு. இதை விட்டால் இன்னொரு கடிதம் வராது.

மே 17 – சனி

மாலை ஐந்து மணிக்கு வழக்கமான மல்யுத்தம். தொலைக்காட்சி நிலையத்தில் இருநூறு மடக்கு நாற்காலி, நடுவே ரிங், ஓரமாக மேஜையும் மைக்கும் நானும். கடைசிச் சண்டை நம் தங்கப் பையன் ரே கிட்வெல்லுக்கும் ஜெனரல் வோல்க்குக்கும். ஜெனரல் கருப்பு முகமூடி, எந்த நாட்டுக்காரன் என்றே தெரியாத மகா பாதகன். தோற்கப்போகிற நேரம் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முட்டிபோடுவான். இரக்கப்பட்டு ரே குனிந்ததும் கட்டைவிரலால் கண்ணில் ஒரு குத்து. மூன்று வருஷமாக இதே வித்தை. மூன்று வருஷமாக நானும் மைக்கைப் பிடித்துக் கத்துகிறேன்: “நம்பாதீங்க மக்களே, நடிப்பு!” இப்போதெல்லாம் நான் வாயைத் திறக்கும் முன்பே கூட்டம் “நடிப்பு! நடிப்பு!” என்று ஆரம்பித்துவிடுகிறது.

ஜெனரல் வோல்க் ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினான். கையில் சாசேஜ் பொட்டலம். அறுபது மைல் தள்ளி லாசாலில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் ஸ்டாஷ் என்கிற ஸ்டான்லி பவ்லிக்தான் அவன். சண்டை எல்லாம் முன்பே பேசிவைத்தது என்று வெளியே தெரியக்கூடாது. பாதகனும் நானும் ஒரே காபிக்கடையில் உட்கார்ந்தால் தொழில் அம்பேல். அதனால் ஒன்பது வருஷமாக எங்கள் சிநேகிதம் இந்தச் சமையலறைக்கு வெளியே போனதில்லை. அவன் மனைவி லாட்டி, மகள் வாண்டா இருவருக்கு மட்டும்தான் அவன் இன்னொரு முகம் தெரியும். பக்கத்துக் கடைக்காரனுக்குக்கூடத் தெரியாது.

கொல்லைப் படி ஏறி வந்தவன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டான். “ரெண்டு படிக்கே மூச்சு வாங்குதுடா.”

“இங்க கேமரா இல்ல, உக்காரு” என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

ஜூன் 7 – சனி

ஸ்டாஷ் போய்விட்டான்.

ஜூன் 8 – ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்.

திட்டப்படி அந்த நெஞ்சுவலி எட்டாவது நிமிஷத்தில் வரவேண்டும். ஐந்தாவது நிமிஷத்திலேயே வந்தது. அவசரப்படுகிறான், பசி போலிருக்கிறது என்று நினைத்தேன். பசி! அப்படித்தான் நினைத்தேன். “நம்பாதீங்க மக்களே, நடிப்பு!” கூட்டம் பிடித்துக்கொண்டது. அவன் முட்டிபோட்டான், பிறகு பக்கவாட்டில் சரிந்தான். இந்த வாரம் ரே ஏமாறக்கூடாது என்பது முடிவாகியிருந்தது. அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். ஸ்டாஷ் கையை நீட்டி ரேயின் கணுக்காலைப் பிடித்தான். ரே அதை உதறினான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

நான் என்ன சொன்னேன்? “சபாஷ் ரே! பாடம் கத்துக்கிட்டான்யா!” சொன்னேன். நான்தான் சொன்னேன்.

ரிங் பக்கத்து டாக்டரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் நடுவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், சைகை செய்தார். சுவர்க் கடிகாரம் என் எதிரேதான். அவன் விழுந்து இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. முகமூடி இல்லாமல் இருந்தால் உதடு நீலமாவது தெரிந்திருக்கும். யாராவது கழற்றியிருக்கலாம். ஆனால் மறைப்புக்குப் பின்னாலிருந்து நிகழ்ச்சி முதலாளி கஸ் லாம்ப்ரோஸ் கையை ஆட்டினார் – கழற்றாதே, உள்ளே கொண்டுபோய்க் கழற்று. அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். நான் சலவைத்தூள் விளம்பரம் படித்தேன். வெள்ளை வெளேர் என்று வெளுக்கும் என்று படித்துக்கொண்டிருக்கும்போது ரே கதவருகே வந்து நின்று, போய்விட்டான் என்பதுபோலத் தலையை ஆட்டினான். விளம்பரத்தை முடித்தேன். ஒரு வார்த்தையில்கூடத் தடுமாறவில்லை. அதுதான் இப்போது தாங்க முடியவில்லை.

லாட்டி வீட்டில் டி.வி. முன்னால் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாளாம். நான் கத்தியதைக் கேட்டுச் சிரித்தாளாம்.

ஜூன் 10 – செவ்வாய்

கஸ்ஸின் அறைக்குப் போனேன். நாளை லாசாலில் அடக்கம், நானும் ரேயும் போகிறோம் என்றேன். கஸ் கதவைச் சாத்தினார்.

“யாரோட அடக்கத்துக்குக் கண்ணு?”

“என்ன கேள்வி இது?”

“செத்தது ஸ்டான்லி பவ்லிக்னு ஒரு இறைச்சிக்கடைக்காரன். ஒனக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? ரேக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? ஜெனரல் வோல்க் சாகல. ரேவோட அடி தாங்காம ஐரோப்பாவுக்கு ஓடிப்போயிட்டான். சனிக்கிழமை நீதான் படிக்கப்போறே.”

“ரெண்டாயிரம் பேர் டி.வி.ல பாத்தாங்க, கஸ்.”

“பாத்தாங்க. நீ நடிப்புன்னு சொன்னே. நம்பினாங்க.” அதைக் கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு குரல் இறங்கியது. “நாப்பது குடும்பம் இதுல சோறு திங்குது. நல்லவன் போய்க் கெட்டவன் சவப்பெட்டியத் தூக்கினா அப்புறம் எவன் வருவான்? ஸ்டாஷையே கேட்டுப் பாரு, அவனும் இதைத்தான் சொல்லுவான்.”

சொல்லியிருப்பான். அதுதான் கொடுமை. விரல் உடைந்தபோது சொந்த ஊர் டாக்டரிடம் கறிவெட்டும் கட்டை விழுந்துவிட்டது என்றவன் அவன்.

ஜூன் 11 – புதன்

போனேன். உள்ளே போகவில்லை. மாதா கோயிலுக்கு எதிர்ச்சாரியில் காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவின் அந்தக் கோடியில் இன்னொரு கார். தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ரே. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். பெட்டியைக் கடைக்காரர்கள் நாலு பேர் தூக்கிவந்தார்கள். வாண்டாவுக்குப் பன்னிரண்டு வயது. யாரோ கொடுத்த கருப்புக் கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ரே ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். நான் அழக்கூட இல்லை.

ஜூன் 14 – சனி

படித்தேன். “கோழை ஜெனரல் வோல்க் இரவோடிரவாகக் கப்பலேறி ஐரோப்பாவுக்கு ஓடிவிட்டார்.” கூட்டம் சிரித்தது. நன்றாகவே படித்தேன்.

இர்மா ராத்திரிச் சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 17 – செவ்வாய்

லாட்டி தொலைபேசியில் கூப்பிட்டாள். மிஸ்டர் டெட்மர் என்றாள். ஒன்பது வருஷமாக நான் அவளுக்கு ஆர்வில்தான்.

“சனிக்கிழமை வாண்டா டி.வி. போட்டா. நான் வேண்டாம்னேன். அப்பாவப் பத்தி ஏதாவது நல்லதா சொல்வாரு, அவரு அப்பாவோட ஃப்ரெண்டுனு சொல்லிட்டுப் போட்டா.” பிறகு கேட்டாள். “கோழைங்கற வார்த்தை வேணுமா, மிஸ்டர் டெட்மர்? அந்த ஒரு வார்த்தைய விட்டுட்டுப் படிச்சிருக்கலாமே.”

விட்டிருக்கலாம். ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற பழக்கம் – அவ்வளவுதான். அவ்வளவுதானா?

ஜூன் 29 – ஞாயிறு

என் நண்பன் செத்தான். அவன் செத்தான் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. பொய் சொன்னது இரண்டு தடவை. சாகும்போது ஒரு தடவை, செத்த பிறகு ஒரு தடவை. அவன் மகள் காதில் விழும்படி அதைத் திருத்திச் சொல்லவேண்டும். மைக்கிலேயே சொல்லவேண்டும். அதைச் செய்யாமல் செயின்ட் லூயிஸும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

இர்மாவிடம் சொன்னேன். “சொன்னா கஸ் தொலைச்சுக் கட்டிடுவாரு. செயின்ட் லூயிஸும் போயிடும்.”

“போவட்டும்” என்றாள். “நீ தூக்கத்துல நம்பாதீங்க நம்பாதீங்கன்னு பெனாத்துறே. எனக்கும்தான் தூக்கம் போவுது.”

ஜூலை 13 – ஞாயிறு

ஞாயிறு என்றால் உள்ளூர் மைதானத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம். பிரென்டிஸ் வந்திருந்தார், நாலாவது வரிசை, வைக்கோல் தொப்பி. முதல் ஆட்டம் முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். வர்ணனையாளனை எடைபோட மழையைப்போல ஒரு தராசு கிடையாது. ஒன்றுமே நடக்காத நேரத்தில் அவன் என்ன பேசுகிறான் என்று பார்ப்பார்கள். பழைய ஆட்டக் கதை, ஹாட்டாக் விற்கிறவன் கதை எல்லாம் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

நான் சொன்னது வேறு. “ஜூன் ஏழாந்தேதி ஒரு மனுஷன் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்தான். நம்பாதீங்கன்னு ஒங்ககிட்ட சொன்னது நான்தான். அவன் செத்துக்கிட்டிருந்தான்” என்று ஆரம்பித்தேன். பெயர் சொன்னேன். ஊர் சொன்னேன். ஜெனரலின் முகமூடிக்குள் இருந்தது ஸ்டான்லி பவ்லிக் என்றேன். அவன் ஐரோப்பாவுக்கு ஓடவில்லை, லாசாலில் போலந்துக்காரர் கல்லறையில் வேலியோரம் இருக்கிறான் என்றேன். அவன் கோழை இல்லை, அந்த வார்த்தையைப் படித்த நான்தான் கோழை என்றேன். அடி வாங்குவதுபோல நடிக்க வாங்கும் அடியெல்லாம் நிஜம் என்றேன். அவன் சாசேஜ் சுற்றும் விதத்தைக்கூடச் சொன்னேன். நடுவில் குரல் போனது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பேசினேன். பக்கத்தில் டில்மன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூக்கைச் சிந்தினான்.

முப்பத்தைந்து நிமிஷம். மழை நின்றது. இரண்டாவது ஆட்டத்தை வர்ணித்தேன். யார் ஜெயித்தார்கள் என்று இப்போது ஞாபகம் இல்லை.

இர்மா வாசலிலேயே நின்றிருந்தாள். “கேட்டேன்” என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு இன்று தூங்குவேன்.

ஜூலை 14 – திங்கள்

முடி வெட்டப் போனேன். கடைக்காரர் க்ளீடஸ் போர்வையை என் கழுத்தில் கட்டிக்கொண்டே, “என்னா நடிப்பு சார்! எம் பொண்டாட்டி கேவிக் கேவி அழுதா. அது சரி, ஜெனரல் எப்பத் திரும்பி வர்றாரு? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க” என்றார்.

நான் திரும்பி அவர் கையைப் பிடித்தேன். “க்ளீடஸ், அவன் செத்துட்டான். நிஜமா.”

“அதான், அந்தக் கொரலுதான்!” என்று அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். காத்திருந்த மூன்று பேரும் கைதட்டினார்கள்.

ஜூலை 15 – செவ்வாய்

என்னைத் துரத்துவார் என்று நினைத்த கஸ் சுருட்டுப் பெட்டியோடு வீட்டுக்கே வந்தார். சனிக்கிழமைக்கு நாற்காலி எல்லாம் தீர்ந்துவிட்டதாம். “முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போஸ்டர் அடிச்சிருப்பேனே கண்ணு!”

“நான் சொன்னது உண்மைன்னு ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.” சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். “எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். போதும் விடு. நானும் அவனுக்காக மெழுகுவத்தி ஏத்தினேன்டா. ஆனா ஜனங்களுக்கு அது கதை. நீ இனிமே பைபிள் மேல சத்தியம் பண்ணினாலும் கதைதான்.”

சாயங்காலம் தொலைபேசியில் பிரென்டிஸ். “மழை நேரத்த இப்படி நிரப்பி நான் கேட்டதே இல்ல. அந்தச் சாவுக் கதைய எங்கேருந்து புடிச்சீங்க? மைக்ல ஒரு நிமிஷம் பேச்சே இல்லாம நிறுத்தினீங்க பாருங்க, அங்கதான் நான் முடிவு பண்ணினேன்.” வேலை எனக்குத்தான். ஏப்ரல் முதல்.

இருபது வருஷமாக இந்த ஒரு அழைப்புக்காகக் காத்திருந்தேன். நன்றி என்று சொல்லி வைத்துவிட்டு, ஸ்டாஷ் மூச்சு வாங்கிய அந்தக் கொல்லைப் படியில் போய் உட்கார்ந்தேன்.

ஜூலை 19 – சனி

ரிங்குக்குள் புதிதாக ஒரு கருப்பு முகமூடி. ஜெனரலின் தம்பியாம், அண்ணன் பழி தீர்க்க வந்திருக்கிறானாம். நான் மைக்கை எடுத்துக்கொண்டு எழுந்தேன். “அவனுக்குத் தம்பியே கிடையாது. ஸ்டாஷ் பவ்லிக் செத்துட்டான். சத்தியமா செத்துட்டான்யா!” என்று கத்தினேன். முன்வரிசைக் கிழவி ஒருத்தி கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எனக்கு முத்தம் ஊதினாள். “நடிப்பு! நடிப்பு!” என்று கூட்டம் கூரை இடியக் கத்தியது. எவ்வளவு கத்துகிறேனோ அவ்வளவு சந்தோஷப்பட்டார்கள். ரே ஒரு தடவை என்னைப் பார்த்தான். பிறகு கயிற்றைத் தாண்டி உள்ளே போய்த் தன் வேலையைச் செய்தான்.

ஆகஸ்ட் 3 – ஞாயிறு

காலையில் ஆட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். லாட்டி வந்தாள். முன்வாசல் வழியாக. இந்த வீட்டுக்கு அவள் முன்வாசல் வழியாக வந்தது இதுதான் முதல் தடவை. வாண்டா காரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“வராங்க” என்றாள். “தெனமும் கல்லறைக்கு வராங்க. மோலின்லேருந்து, ராக்ஃபோர்டுலேருந்து. குடும்பம் குடும்பமா, சோடா, சாண்ட்விச் எல்லாம் எடுத்துக்கிட்டு. நடிகனே எழுந்து வாடான்னு அட்டையில எழுதிக் குத்தி வச்சிருக்காங்க. கல்லறை காலின்னு பந்தயம் கட்டுறாங்க. நேத்து ஒருத்தன் மண்ணு மேல குப்புறப் படுத்துக்கிட்டான். இன்னொருத்தன் நடுவர் மாதிரி தரையத் தட்டி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுறான். எல்லாரும் கைதட்டுறாங்க. வாண்டா பூ வச்சுக்கிட்டிருந்தா, மிஸ்டர் டெட்மர்.”

இர்மா நாற்காலியை இழுத்துப்போட்டாள். லாட்டி உட்காரவில்லை.

“அவளுக்காகத்தான் சொன்னேன், லாட்டி” என்றேன்.

“ஒங்களுக்காகச் சொன்னீங்க. நெஞ்சு பாரம் எறங்கணும்னு சொன்னீங்க. எறங்கிடுச்சா? அவரு அந்த முகமூடிய இருவது வருஷம் காப்பாத்தினாரு. மளிகைக்கடைக்காரனுக்குத் தெரியாது, பாதிரியாருக்குத் தெரியாது. செத்தப்பவாவது வெறும் ஸ்டான்லியா நிம்மதியாக் கெடப்பாருன்னு நெனச்சேன். ஊர், பேர், வேலியோரம்னு எடம் வரைக்கும் சொல்லிட்டீங்களே.”

அழவில்லை அவள். கோபமாகக்கூடப் பேசவில்லை. வேலியோரம் வரைக்கும் சொன்ன என் வாய்க்கா கூலி கொடுக்கிறார்கள்!

ஆகஸ்ட் 4 – திங்கள்

மல்யுத்தத்தை விட்டுவிட்டேன். கஸ் நம்பவில்லை. பத்திரிகையில் ‘மனமுடைந்த டெட்மர் வெளியேறினார் – திரும்பி வருவாரா?’ என்று போடச் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 10 – ஞாயிறு

ஆட்டத்துக்குப் போகவில்லை. லாசால் போனேன். மடக்கு நாற்காலி ஒன்றைக் கல்லறைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு பேர் வந்தார்கள். போங்கள் என்று கத்தினேன், மன்றாடினேன். அதுவும் காட்சியில் சேர்த்தியாகிவிட்டது. ஒருத்தன் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டான். இனி ஒவ்வொரு ஞாயிறும் இங்கே காவலுக்கு வருவேன்.

ஆகஸ்ட் 12 – செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமைகளில் வரமாட்டேன் என்றால் பேஸ்பாலுக்கு நான் எதற்கு என்று நிலையத்தில் கேட்டார்கள். நியாயம்தான். பிரென்டிஸுக்கும் எழுதிவிட்டேன். பெரிய லீக்கிலும் ஞாயிறு உண்டு.

கடிதத்தை ஒட்டும்போது இர்மா பக்கத்தில் நின்றாள். “ஒரே ஒரு தடவ கேக்குறேன். நெஜமாவே வேண்டாமா?” வேண்டும். உயிரே போகிற அளவுக்கு வேண்டும். “வேண்டாம்” என்றேன். அவளை ஏமாற்ற முடியாது என்று எழுதியிருந்தேனே – தெரிந்தும் தபால்தலையை எடுத்துக் கொடுத்தாள்.

அக்டோபர் 20 – திங்கள்

புது வேலை. மதியம் பன்னிரண்டு மணிக்குப் பன்றிச் சந்தை நிலவரம் வாசிப்பது. பதினொரு நிமிஷம். இதைக் கேட்டு யாரும் கைதட்டுவதில்லை. சொன்னதை அப்படியே நம்பிப் பன்றியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

பிப்ரவரி 8, 1959 – ஞாயிறு

பனி. யாரும் வரவில்லை. மூன்று மணி நேரம் நானும் ஸ்டாஷும் மட்டும்.

ஏப்ரல் 14 – செவ்வாய்

இன்று பெரிய லீக் ஆட்டத்தை செயின்ட் லூயிஸ் வானொலியில் கேட்டேன். எனக்குப் பதிலாக எடுத்த ஆள் இளைஞன். நன்றாகத்தான் பேசுகிறான். ஐந்தாவது இன்னிங்ஸில் அணைத்துவிட்டேன்.

ஜூன் 7, 1959 – ஞாயிறு

வருஷம் ஒன்று. பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வெயில் ஏற ஏற மனசு படபடத்தது – இன்று தேதியைப் பார்த்து வருவார்களே என்று.

வந்தார்கள். ஐயோவா நம்பர் போட்ட கார். தகப்பன், தாய், மூன்று பிள்ளைகள். கையில் அட்டை. தகப்பன் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். “டெட்மர் சார்! நீங்களே இங்க இருக்கீங்களா! ஜெனரல் இதுக்குள்ளதானா?”

பத்து மாதமாக ‘ஆமாம், செத்துவிட்டான், போய்விடுங்கள்’ என்று சொல்லிப் பார்த்தாகிவிட்டது. இன்று எனக்கே சலித்துவிட்டது. எழுந்து சிரித்தேன். மைக் முன்னால் சிரிக்கிற சிரிப்பு.

“ஜெனரலா? இங்க என்ன தேடுறீங்க? அவரு இத்தாலியில ட்ரியெஸ்ட்டுல கடலோரமா ஒரு ஓட்டல் வச்சிருக்காரு. போன மாசம்கூடக் கடுதாசி போட்டாரு. எடது முட்டிதான் இன்னும் சரியாகலையாம்.”

“நான் சொல்லல?” என்று அந்த அம்மாள் கணவனின் தோளில் அடித்தாள். “ஐரோப்பாவுலதான் இருக்காருன்னு நான் சொல்லல?”

“அப்ப இது யாரு?” என்றான் தகப்பன்.

நான் கல்லைத் திரும்பிப் பார்த்தேன். ஸ்டான்லி பவ்லிக், 1914–1958. “உள்ளூர் இறைச்சிக்கடைக்காரராம். எனக்குத் தெரியாது. நான் சொன்ன கதைக்கு ஏதோ ஒரு பேரு வேணும்னு இந்தக் கல்லுலேருந்து எடுத்துக்கிட்டேன். பாவம், அந்தக் குடும்பத்துக்குத்தான் தொந்தரவு. நான் பண்ணின தப்பு. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க.”

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். பிள்ளைகளைப் புல்லிலிருந்து நகர்ந்து நிற்கச் சொன்னார். “மன்னிச்சுக்கங்க, தெரியாம வந்துட்டோம்” என்று கல்லைப் பார்த்துச் சொன்னார். அட்டையை மடித்துக் காரில் வைத்தார். கதவைக்கூடச் சத்தம் இல்லாமல் சாத்திவிட்டுப் போனார்கள். ஒரு கேள்வி இல்லை, சந்தேகம் இல்லை. ஸ்டாஷை எனக்குத் தெரியாது என்று நான் சொன்னதை அவ்வளவு லேசாக நம்பினார்கள்.

திரும்பினால் பத்தடி தள்ளி லாட்டியும் வாண்டாவும். கையில் பூச்செடித் தொட்டி. எவ்வளவு நேரமாக நின்றார்கள் என்று தெரியவில்லை. லாட்டி முட்டிபோட்டு மண்ணைக் கிளறித் தொட்டியிலிருந்த செடியை நட ஆரம்பித்தாள்.

வாண்டாதான் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பதிமூன்று வயது, நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள்.

“அந்த ஓட்டல்ல அப்பா என்ன சமைக்கிறாரு?” என்றாள்.

நான் லாட்டியைப் பார்த்தேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை. இரண்டு கையாலும் மண்ணை அழுத்திக்கொண்டே சொன்னாள்.

“சொல்லு ஆர்வில். புள்ள கேக்குறா இல்ல?”

சொன்னேன். காலையில் படகுத்துறைக்குப் போய் மீன் வாங்குவதிலிருந்து ஆரம்பித்து, ஒரு மணி நேரம் சொன்னேன்.